மனுவும் படமும்

மும்பை லிபர்ட்டி தியேட்டரில் காஷிஷ் திரைப்பட விழாவுக்கு மூன்று நாட்கள் போய்வந்தேன். தன்பாலீர்ப்பாளர், திருநர் வாழ்க்கை பற்றிய படங்களுக்கென்றே 2010இல் தொடங்கிய விழா. இதே நகரத்தில்தான் 1998 டிசம்பரில், தீபா மேத்தாவின் 'ஃபயர்' ஓடிய தியேட்டருக்குள் சிவசேனைக்காரர்கள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள். இன்று வாசலில் டிக்கெட்டோடு வரிசை நிற்கிறது. இது சிறிய மாற்றமல்ல. ஆனால் வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு விமர்சகனின் காரியம் முடிந்துவிடுவதில்லை.

விஷயத்தை வைத்துப் படங்களைத் தொகுக்கும்போது விஷயமே மதிப்பாகிவிடும் அபாயம் இருக்கிறது. நம் முற்போக்குக் கதைகளில் கண்டு சலித்த அபாயம்தான். பார்த்த குறும்படங்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: மகனோ மகளோ அம்மாவிடம் சொல்லிவிடுகிறார்கள், அம்மா மௌனமாகிறாள், பிறகு அழுகிறாள், பிறகு சாப்பிடக் கூப்பிடுகிறாள். இவை யாரோடு பேசுகின்றன? அரங்கில் இருப்பவர்களோடு அல்ல; அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அங்கே வராத யாரோ ஒருவரோடு - தகப்பனாரோடு, நீதிபதியோடு. படம் மனுவாகிவிடுகிறது. மனுவுக்கென்று ஒரு பாஷை உண்டு. மனுதாரர் நல்லவராக இருந்தாக வேண்டும். அதனால் இப்படங்களின் காதலர்களிடம் பொறாமை இல்லை, அற்பத்தனம் இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்குச் சலிப்பு இல்லை. பல சமயம் உடம்பே இல்லை.

மனுவை நான் ஏளனம் செய்வதாக நினைக்க வேண்டாம். வங்கி குமாஸ்தாவின் பிழைப்பே மனுக்களோடும் படிவங்களோடும்தான். நாமினி படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'நண்பர்' என்று எழுதுவதற்கு முன் பேனாவைப் பிடித்தபடி ஒரு கணம் தயங்கியவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. 2023 அக்டோபர் 17இல் திருமண உரிமையைத் தர மறுத்தது. கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. தடை முன்பும் இருக்கவில்லை. இல்லை என்று யாராவது எழுதித்தர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கட்டம் நிரம்ப வேண்டும். ஆனால் கட்டத்தில் எழுதப்படுவது உறவின் பெயர், உறவு அல்ல. கலைஞனுக்கு அங்கேதான் வேலை ஆரம்பம்.

ஹன்ஸல் மேத்தாவின் 'அலிகர்' (2015) இதைப் புரிந்துகொண்ட படம். மராத்திக் கவிஞரும் பேராசிரியருமான ஸ்ரீனிவாஸ் ராமச்சந்திர ஸிராஸ் 2010இல் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கை அது சொல்கிறது. வழக்கோ அவருடையது. ஆனால் நீதிமன்றத்தில் வாதம் நடந்துகொண்டிருக்க, அவர் தம் கவிதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். இரவில் தனி அறையில் மதுக் கோப்பையோடு லதா மங்கேஷ்கர் பாட்டில் மூழ்கியிருக்கிறார். காமிரா அவசரப்படாமல் கூடவே இருக்கிறது. வக்கீல்கள் நிரூபிக்க முடியாத ஏதோ ஒன்று அந்த நிமிஷங்களில் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் பிரேம் கபூரின் 'பத்நாம் பஸ்தி' (1971). கமலேஷ்வரின் இந்தி நாவலிலிருந்து எடுத்தது. இரண்டு ஆண்களுக்கிடையிலான நெருக்கம் அதில் பார்வைகளாக, உடல்களின் அருகாமையாக இருக்கிறது. விளக்கம் இல்லை, வாதம் இல்லை. அன்று மனுப் போட எந்தச் சன்னதியும் கிடையாது.

அப்படியானால் பேசாமலிருந்த காலமே மேல் என்கிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. அந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமற்போய், 2019இல்தான் பெர்லினில் ஆர்ஸனல் ஆவணக் காப்பகத்தில் பிரதி அகப்பட்டது. யாரிடமும் எதையும் கேட்காத படத்தை இங்கே யாரும் பத்திரப்படுத்தவும் இல்லை. மௌனத்துக்கு அப்படி ஒரு விலை.

ஆகவே விழா நடக்கட்டும், மனுக்களும் போகட்டும். படங்கள் மட்டும், அம்மாவிடம் சொல்லி முடித்த மறுநாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.