பாக்கெட்டும் பாக்கெட் மணியும்

டிஸ்கி: நான் இன்ஜினியரிங் இல்லை, பி.காம். சிக்னல் எங்கே போகுதுங்கிறதை விட காசு எங்கே போகுதுங்கிறதுதான் நம்ம ஏரியா :)

மொபைலில் நெட் வந்த புதுசில், அதுவும் போன் கால் மாதிரியேதான் ஓடுச்சு. ஜிஎஸ்எம்-மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையை 8 டைம் ஸ்லாட்டா பிரிச்சிருப்பாங்க. கால் பண்ணினா ஒரு ஸ்லாட் உங்களுக்கே உங்களுக்கு. பேசினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, வைக்கிற வரைக்கும் மீட்டர் ஓடும். நெட்டும் அதே வழிதான். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். பக்கம் இறங்கி முடிஞ்சு நீங்க நிதானமா படிக்கிற நேரத்துக்கும் காசு. டாக்ஸி பிடிச்சுட்டுப் போய், கடை வாசலில் வெயிட்டிங்கில் நிறுத்தி வைக்கிற கதை.

2000-ஐ ஒட்டி வந்த ஜிபிஆர்எஸ்தான் இதை ஷேர் ஆட்டோவா மாத்துச்சு. நீங்க அனுப்புறதை, வாங்குறதை எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் விலாசம் எழுதி அனுப்பிடும். பேச்சுக்குப் போக மிச்சம் இருக்கிற ஸ்லாட்டில் உங்க பாக்கெட்டும், பக்கத்துத் தெருக்காரர் பாக்கெட்டும் மாறி மாறி ஏறிக்கும். போன் கனெக்ஷனிலேயே இருக்கலாம். எதுவும் அனுப்பாத நேரத்தில் ஸ்லாட் அடுத்தவருக்கு.

கம்பெனி நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் ஜிஜிஎஸ்என்-னு ஒரு வாசல் இருக்கு. எத்தனை பைட் போச்சு, வந்துச்சுன்னு கணக்கு எழுதுறது அங்கேதான். அதாவது, நம்ம பாஷையில் கேஷியர். நிமிஷக் கணக்கு போய் பைட் கணக்கு வந்தது இப்படித்தான். விலை என்னவோ அதிகம்தான். 10 கேபிக்கு 10 பைசான்னு ஒரு ரேட் இங்கே பரவலா இருந்துச்சு. அந்தக் கணக்கில் 1 ஜிபிக்கு 10,000 ரூபாய்க்கு மேல! ஆனா கொள்கை நியாயமானது: உபயோகிச்சதுக்கு மட்டும் காசு.

4ஜி வந்தப்புறம் குரலே பாக்கெட்டாத்தான் போகுது. அப்போ கணக்கு இன்னும் நியாயமாகியிருக்கணும் இல்லையா?

எங்க ஆச்சி வெச்சிருக்கிறது கீபேட் போன். ரீசார்ஜ் பண்ணிவிடுறது நான். 28 நாள் பேக், தினம் 1.5 ஜிபி. அதில் ஒரு பைட் கூட ஆச்சி தொடுறதில்லை. ராத்திரி 12 மணிக்கு எல்லாம் காலி. "ஏலே, எனக்கு எதுக்குல நெட்டு? ஒங்க மாமன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும், அம்புட்டுதான்"ன்னாங்க. உதவித்தொகையில் இருந்துதான் அந்தக் காசை எண்ணிக் கொடுக்கிறாங்க.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. டவர், அலைக்கற்றை எல்லாம் ஃபிக்ஸட் காஸ்ட். ராத்திரி 3 மணிக்குச் சும்மா கிடந்த கொள்ளளவைச் சேர்த்து வெச்சு மறுநாள் சாயங்காலம் விற்க முடியாது. பஸ்ஸில் காலி சீட் மாதிரி, போனா போனதுதான். அந்தச் செலவை யாராவது பகிர்ந்துதான் ஆகணும்.

ஆனா எந்த அடிப்படையில் பகிர்றது? காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. டவர் திணறுறது சாயங்காலம், என்னை மாதிரி ஆளுங்க மேட்ச் பார்க்கிறப்போ. ஆச்சியால் அந்த நெரிசலில் ஒரு பாக்கெட் கூட கூடலை. இருந்தும் ஒரே மாதிரி பேக், ஒரே விலை. நான் பார்க்கிற மேட்சுக்கு ஆச்சி பங்கு கட்டுறாங்க.

2024 டிசம்பரில் டிராய் ஒரு விதி கொண்டு வந்துச்சு: பேச்சுக்கும் எஸ்எம்எஸ்-க்கும் மட்டுமான பேக் ஒண்ணாவது ஒவ்வொரு கம்பெனியும் கொடுத்தாகணும். 2025 ஜனவரியில் அப்படிப்பட்ட பேக்குகள் வந்துச்சு. விலை நான் நினைச்ச அளவு இறங்கலை. ஆனாலும் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கு. ஆனா கடையில் "ரீசார்ஜ்"னு சொன்னா கைக்கு வர்றது டேட்டா பேக்தான்.

உங்க வீட்டிலும் கீபேட் போனோட ஒரு ஆச்சியோ தாத்தாவோ இருந்தா, அடுத்த ரீசார்ஜுக்கு முன்னாடி ஒரு தடவை பேக் லிஸ்ட்டை முழுசா பாருங்க.