மும்பையிலிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம்?

தாராவியின் 90 அடி சாலையில் ஒருவர் "ஊருக்குப் போறேன்" என்றால் அது அநேகமாகச் சென்னையாக இருக்காது. நெல்லைச் சீமையாக இருக்கும். தோல் பதனிடும் தொழிலுக்காக 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கிருந்து வரத் தொடங்கிவிட்டார்கள். மாட்டுங்காவின் பழைய குடும்பங்களுக்கு ஊர் என்பது பாலக்காடு அல்லது தஞ்சாவூர். செம்பூரில் எல்லா ஊரும் கலந்திருக்கும்.

நேர்கோட்டில் அளந்தால் மும்பையிலிருந்து கோவை ஏறத்தாழ 1,000 கி.மீ.; சென்னை 1,030; திருச்சி 1,120; மதுரை 1,170; தூத்துக்குடி 1,280. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட்டுக்கு மதுரை ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அட்டவணை 2 மணி நேரத்தை ஒட்டியே சொல்லும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தவிர, சாந்தாகுரூஸ் விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். வரிசையில் நிற்கும் நேரமும் இந்தக் கணக்கில் அடக்கம்.

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து அதைச் சென்னைக்குக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். வழியில் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். இன்றும் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறுபவர் திருநெல்வேலியில் இறங்க இரண்டு இரவுகள் ஆகின்றன.

மற்ற நாட்களில் அது பெரிய விஷயமில்லை. துட்டிச் செய்தி வரும்போதுதான் மணிக்கணக்கு உறைக்கிறது. விடியற்காலையில் போன் வந்தால், ரயிலில் போகிறவர் காடாத்துக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. விமானத்தில் போனால் முகம் பார்க்கலாம். அதற்கும் தாராவி வீட்டிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி, சோதனைகளுக்கு இரண்டு மணி, பறக்க இரண்டு மணி, மதுரையில் இறங்கித் திருநெல்வேலிக்கு 150 கி.மீ. சாலைப் பயணம் சுமார் மூன்று மணி. ஆக எட்டு மணி நேரம். திருவனந்தபுரம் வழியாகப் போனாலும் சாலைத் தூரம் ஏறக்குறைய அதே அளவுதான்.

தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். திருநெல்வேலிக்கு 30 கி.மீ. அளவுதான். ஆனால் அதன் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை சிறிய ஏ.டி.ஆர். விமானங்களே இறங்க முடிந்தது. மும்பை அவற்றுக்கு வெகுதூரம். 2025 ஜூலை 26-ல் புதிய முனையம் திறக்கப்பட்டபோது ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருந்தது. பெரிய ஜெட்டுகளுக்கு இது தாராளம். மும்பையிலிருந்து நேரே வாகைக்குளத்தில் இறங்கினால் பறக்கும் நேரம் சில நிமிடங்கள் கூடும். சாலையில் இரண்டு மணி நேரம் மிச்சம்.

மும்பைப் பக்கமும் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 8-ல் நவி மும்பை விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டது.  தாராவிக்காரருக்கோ சாந்தாகுரூஸ்தான் பக்கம்.

இன்னொரு அளவும் உண்டு. அன்றே வாங்கும் டிக்கெட்டின் விலை, ஒரு தையல்கூடத் தொழிலாளியின் பல நாள் கூலி. பணம் புரட்ட முடியாதவருக்கு ஊர் இன்னும் இரண்டு இரவு தூரத்தில்தான் இருக்கிறது.