தாளில் எடுத்த அளவு

2022 ஓகஸ்ட் 8

கியூஆர் முறையில் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில் அப்பாவின் மொறிஸ் மைனர் கோண்டாவிலில் கொதித்து நின்றுவிட்டது. தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் அலுமினிய எல்போ அரித்து, விரல் பட்டால் உதிர்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கேத்தலில் படிவதுதான் ரேடியேட்டரிலும் படிகிறது. அப்பா ஹயர் ஓடாவிட்டால் வீட்டில் வேறு வருமானம் இல்லை.

ஓகஸ்ட் 10

புது எல்போ கொழும்புக் கடைகளிலும் இல்லை. டொலர் தட்டுப்பாடு. மைனர் கார் உற்பத்தி நின்றதே 1971இல்.

ஓகஸ்ட் 13

உடைந்த எல்போவை வேர்னியரால் அளந்து கணினியில் ஃப்ரீகாட் மென்பொருளில் வரைய உட்கார்ந்தேன். கராச்சு அண்ணை தடுத்தார்.

"உதை ஏன் தம்பி அளக்கிறாய்? அது சூட்டிலை முறுகிப்போச்சு. அது இருக்கப்போற இடத்தை அள."

ஸ்டட் மூன்றையும் கழற்றி, எஞ்சின் ஹெட்டின் முகத்தில் தடித்த தாளை வைத்து, கிறீஸ் விரலால் தேய்த்தார். ஓட்டைகளின் ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கேஸ்கட் வெட்டுகிற அதே வேலை. அந்தத் தாளை ஸ்கான் செய்து அதன் மேலேயே வரைந்தேன். முப்பரிமாண பிரின்டரில் இதற்கு ஒரு அச்சு எடுத்து, அதை வைத்து அலுமினியத்தில் வார்ப்பதுதான் திட்டம். உருகிய அலுமினியம் இறுகிக் குளிரும்போது நூற்றுக்கு 1.3 அளவில் சுருங்கும். மர அச்சுச் செய்தவர்கள் இதற்கென்றே நீட்டிய அளவுகோல் வைத்திருந்தார்கள். கணினியில் 1.013ஆல் பெருக்கினால் போதும்.

ஓகஸ்ட் 16

மின்வெட்டு. பிரின்டரில் பாதியில் நின்ற அச்சு தட்டிலிருந்து கழன்றுவிட்டது. நுரைச்சோலை மின்நிலையத்தில் ஒரு இயந்திரம் பழுதாம்.

ஓகஸ்ட் 18

இரவு நண்பனின் பிரின்டரில் தொடங்கியது காலையில் முடிந்திருந்தது. பொருத்திப் பார்த்தோம். ஓட்டைகள் சரி, ஹோஸ் மாட்டும் வாய் மட்டும் சற்றுச் சாய்ந்தது. கோணத்தை மாற்றித் திரும்பப் போட்டேன், பின்னேரம் பொருந்திவிட்டது. மரத்தில் என்றால் இந்தக் கோணத்துக்கு இன்னொரு கட்டை, இன்னும் சில நாள். அண்ணை அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். சக் ஹல் முப்பரிமாண அச்சுக்குக் காப்புரிமை கேட்டது 1984இல். பிளாஸ்ரிக் இழையை உருக்கி அடுக்கும் முறையின் முக்கியக் காப்புரிமை 2009இல் முடிந்த பிறகுதான் இப்படி ஒரு மெசின் கொக்குவிலில் ஒரு அறைக்குள் வர முடிந்தது.

"இதையே பூட்டி ஓடேலாதோ?" என்றார் அப்பா. இந்தப் பிளாஸ்ரிக் 60 பாகையில் இளகிவிடும். எஞ்சின் தண்ணீர் 80ஐத் தாண்டும். அவர் முகம் விழுந்துவிட்டது.

ஓகஸ்ட் 22

மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340. செய்தி கேட்டு அப்பா நெடுநேரம் பேசவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு இந்தக் காரை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மாற்றுவது. அண்ணை தாளில் அளவெடுக்கப் பழகியதும் அந்த நாட்களில்தானாம். வாங்க ஒன்றும் இல்லாததால் எல்லாக் கேஸ்கட்டும் கையால் வெட்டினார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பவும் அங்கேதான் போகிறோமா?

செப்டெம்பர் 3

நவாலியில் அலுமினியம் வார்க்கிற ஐயா அச்சைத் தடவிப் பார்த்தார். "வரி வரியாய்க் கிடக்கு, மண் பிடிக்கும்." புட்டி பூசித் தேய்த்தேன். பக்கங்களுக்குச் சாய்வு வைக்கச் சொன்னார். இல்லையென்றால் அச்சைத் தூக்கும்போது மண் இடியும். அவர் உருக்குவது பழைய பிஸ்டன்களை. அதில் சிலிக்கன் கூட, இண்டு இடுக்கெல்லாம் நன்றாக ஓடும்.

செப்டெம்பர் 7

வார்த்த எல்போவைப் பூட்டிச் சுன்னாகம் வரை ஓடினோம். அப்பா சிரித்தார்! திரும்பும்போது தடித்த விளிம்பில் கசிவு. வார்க்கும்போது தடித்த இடம் கடைசியில் இறுகும், அதற்கு மேலே இன்னும் உலோகம் நிற்க வேண்டும் என்கிறார் ஐயா.

செப்டெம்பர் 8

ஒன்றும் செய்யவில்லை.

செப்டெம்பர் 11

அண்ணை ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், லான்ட்மாஸ்டர். முப்பது வருடத்துக் கிறீஸ் படிந்த வடிவங்கள். "எலி அரிக்க முதல் உதுகளைக் கொம்பியூட்டரிலை ஏத்து" என்றார். பருத்தித்துறையில் ஒருவர் ஏ40க்கு வாட்டர் பம் மூடி கேட்டிருக்கிறாராம். சில தாள்களில் பெயரே இல்லை. எந்த எஞ்சினுடையது என்று அவருக்கும் நினைவில்லை. பெயர் உள்ளவற்றை முதலில் ஸ்கான் செய்கிறேன். இரண்டாவது வார்ப்புக்கு ஐயாவிடம் இன்னும் பிஸ்டன் சேரவில்லை.