பழைய இன்ஜின், புதுப் படகு

இதை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். "தமிழ் இதழுக்கு இது எதுக்குடா?"ன்னு ரூம்மேட் கேட்டான். பாதிப் பிழைகளை அவன் திருத்திட்டான். மீதி என்னுடையது, பொறுத்துக்கோங்க.

ஆறாவது செமஸ்டரில் எங்க மினி ப்ராஜெக்ட், பின்னால் துடுப்புச் சக்கரம் வைத்த ஒரு குட்டிப் படகு. ரிவ்யூவில் ஒரே கேள்வி: "ப்ரொப்பெல்லர் இருக்கும்போது இது எதுக்கு?" நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மார்க் போச்சு.

அதுக்கப்புறம்தான் தேடிப் படித்தேன். 1845இல் பிரிட்டிஷ் கடற்படை இரண்டு கப்பல்களைப் பின்பக்கமாகச் சேர்த்துக் கட்டி, கயிறு இழுக்கும் போட்டி வைத்தது. ப்ரொப்பெல்லர் வைத்த 'ராட்லர்', சக்கரம் வைத்த 'அலெக்டோ'வைத் தரதரன்னு பின்னுக்கு இழுத்துக்கிட்டே போயிடுச்சு. கடலில் கப்பல் சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். அங்கே சக்கரம் தோற்றது நியாயம்தான்.

ஆனால் மிசிசிப்பி மாதிரி ஆற்றில் கதை வேற. ஆழமில்லாத இடத்திலும் பின்சக்கரப் படகு போகும். மிதந்து வரும் மரக்கட்டை மோதிப் பலகை உடைந்தால், இன்னொரு பலகையை மாட்டிக்கலாம். ரிவ்யூவில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

நியூ ஆர்லியன்ஸில் இன்னைக்கும் 'நாச்செஸ்' என்ற நீராவிப் படகு ஓடுது. ஜாஸ் இசை கேட்டுக்கிட்டே ராத்திரிச் சாப்பாடு சாப்பிடலாம். சக்கரம் 25 அடி உயரம், 25 அடி அகலம், 26 டன். அவசரமா ஊர் போய்ச் சேர யாரும் அதில் ஏறுவதில்லை. வேகம் குறைவுன்னு அங்கே யாருக்கும் வருத்தமில்லை. எனக்குப் பிடிச்சது சாப்பாட்டு மேசை இல்லை, இன்ஜின் ரூம். பயணிகளே இறங்கிப் போய்ப் பார்க்கலாம். படகு 1975இல் வந்தது. இன்ஜின்கள் 1925ஆம் வருஷத்தவை, 'கிளேர்ட்டன்' என்ற பழைய படகிலிருந்து கழற்றி மாட்டியவை.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அந்த இன்ஜின் ரூம் வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். முப்பது வருஷமா லேத் பட்டறையில் நிற்பவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தார். "எப்படிப் பளபளன்னு வெச்சிருக்கான் பாரு"ன்னார்.

அப்பதான் சொன்னேன். எனக்குக் கிடைச்சது ஐடி வேலை, மெக்கானிக்கல் இல்லைன்னு. ஆஃபர் வந்து மூணு வாரம் ஆகியும் சொல்லாமலே வெச்சிருந்தேன். நான் மெக்கானிக்கல் எடுத்ததே அவர் ஆசைக்காகத்தான்.

கொஞ்ச நேரம் பேசலை. "சம்பளம் எவ்வளவு?"ன்னார். சொன்னேன்.

"படிச்சதை மறந்துடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை என் பக்கம் நீட்டினார்.

"அந்த இன்ஜின் ஓடுற இடத்தை இன்னொரு தடவை போடு."