சுடவைப்பதும் கொதிக்கவைப்பதும்

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையரான எதிர்வீட்டு மாமா, எங்கள் மைக்ரோவேவ் ஓடத் தொடங்கினால் சமையலறையை விட்டு எழுந்து போய்விடுவார். கேட்டால், "ரேடியேஷன்" என்பார். டி-72 டேங்கின் வயிற்றுக்குள் புகுந்து வேலை பார்த்த மனிதர்!

உண்மையில் அந்தப் பெட்டி அவருக்குப் பங்காளி முறை. அதன் உயிரான மேக்னட்ரான், இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக உழைத்த குழாய். 1945 வாக்கில் அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் அதன் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது. அடுத்து சோளத்தைப் பொரித்துப் பார்த்தார். முட்டையை வைத்தார், வெடித்தது. முழு முட்டையை உள்ளே வைக்காதே என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1947இல் கடைக்கு வந்த முதல் பெட்டி ஆள் உயரம், சுமார் 340 கிலோ.

கதவிலுள்ள வலையை மாமா நம்புவதில்லை. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். வலையின் ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வெளிச்சம் வரும், அலை வராது. கதவு வளைந்தாலோ, சரியாக மூடாவிட்டாலோதான் கவலை. பெட்டி நின்றதும் அலையும் நின்றுவிடும். சோற்றுக்குள் எதுவும் தங்காது.

எனக்குப் பயம் வேறு: மேஜைமேல் கிடக்கும் மதியச் சோறு.

என் பாட்டிக்குச் சுடவைப்பது என்றால் கொதிக்கவைப்பது. மிஞ்சிய வத்தக்குழம்பைக் கல்சட்டியோடு குமுட்டியில் ஏற்றுவாள். ஓரத்தில் குமிழ் வந்தால் போதாது. நடுவிலும் தளதளவென்று வர வேண்டும். காலையில் மறுபடி. மூன்றாம் வேளைக்கு அது சுண்டி, எண்ணெய் பிரிந்து, விரலில் ஒட்டும். நாங்கள் சட்டியைச் சுரண்டச் சண்டை போடுவோம். சோறு மிஞ்சினால் சுடவைக்கவே மாட்டாள். உடனே தண்ணீர் ஊற்றிவிடுவாள், காலையில் புளித்திருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் பெயரை அவள் கேட்டதில்லை. அதன் வித்துகள் சோறு வெந்தாலும் சாகாது. வெக்கையில் மணிக்கணக்காக விட்டால் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சில் ஒருவகை, எத்தனை முறை சுடவைத்தாலும் போகாது. ஆவடி மே மாதத்தில் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

மைக்ரோவேவ் பெட்டிக்குள் அலை ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும்; தட்டு சுற்றுவது அதனால்தான். அப்படியும் சாம்பாரின் ஓரம் கொதிக்க, நடு சில்லென்றிருக்கும். பாதியில் எடுத்துக் கிளறி, மறுபடி வைத்து, ஆவி பறக்கச் சூடானபின் ஒரு நிமிஷம் மூடி வைக்க வேண்டும். எவர்சில்வர் கிண்ணமும், மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று போடாத ஓட்டல் பார்சல் டப்பாவும் உள்ளே போகக் கூடாது. வெறும் தண்ணீரை அதிக நேரம் விட்டால் குமிழே காட்டாமல் இருந்து, ஸ்பூன் பட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இட்லிக்கு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி வைத்தால் புதிதுபோல் வரும். பாட்டியின் சுண்டக்குழம்பு மட்டும் வராது. சட்டியின் அடி சுட்டுப் பிடிக்க வேண்டிய பண்டம் அது. எங்கள் வீட்டில் இட்லி பெட்டிக்கு, குழம்பு அடுப்புக்கு.