எல்லாரும் வந்தாச்சா?



மலர்க்குழுத் தம்பி ஒருவர் போன் செய்து, "அண்ணே, ஃபாரின் அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்க, ரெண்டு பக்கம் காலியா இருக்கு" என்றார். பக்கம் காலியாக இருக்கும்போதாவது என்னை நினைத்த அந்த நல்ல உள்ளத்துக்கு முதலில் என் நன்றி! நானும் இதே சிவில் பிளாக்கில், கடைசி பெஞ்சில், 2005 முதல் 2008 வரை உட்கார்ந்து தேய்த்தவன்தான். சர்வே பேப்பரில் இரண்டு தடவை அரியர் வைத்தவன். பி.டி. பீரியடில் மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொன்னால், இரண்டாவது சுற்றில் வேப்பமரத்தடியில் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் கூட்டத்தோடு கலந்துகொண்டு மூச்சு வாங்குவதுபோல் நடித்தவன். அப்படிப்பட்டவன் மலையில் ஓடிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். நம்புங்கள்!

2016-ல் என் கம்பெனி என்னை இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷைரில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊருக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளால் பேர் வாங்கிய ஊர். நவம்பர் மாதம் சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ரூமுக்கு வந்தால் ரசம் சோறு, செல்போன், தூக்கம். பேச ஆளில்லை. சுவரோடு பேசும் நிலைக்கு வந்துவிட்டேன் என்றால் மிகையாகாது!

கூட வேலை பார்த்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க ஓட்டக் கிளப்புக்கு வா. ஓட வேண்டாம், சும்மா வந்து நில்லு" என்றார். போனேன். தபால்காரர், நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், கொத்தனார் என்று எல்லாரும் இருந்தார்கள். பெயருக்குப் பின்னால் 'சார்' இல்லை, 'மேடம்' இல்லை. அவர்களில் ஒருவர் பஸ் ஓட்டி ரிடையரான 68 வயதுப் பெரியவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா, லாட்" என்றார். யார்க்‌ஷைர் பேச்சில் 'லாட்' என்றால் நம்ம ஊர் 'தம்பி' மாதிரி. ஊரை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக என்னை ஒருவர் தம்பி என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த வாரமும் போனேன்.

அவர்கள் ஓடுவது ரோட்டில் அல்ல. 'ஃபெல்' என்று சொல்வார்கள். 'ஃபெயில்' என்று படித்துவிடாதீர்கள், அது நமக்குப் பழகிய வார்த்தை! ஃபெல் என்றால் வட இங்கிலாந்தின் மரமில்லாத மலை. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்து குடியேறிய வடநாட்டு வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். மேலே புல், புதர், செம்மறி ஆடு. காலை வைத்தால் முழங்கால் வரை உள்வாங்கும் கறுப்புச் சேறு. நடுநடுவே சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மைல் கணக்கில் ஓடும் கல் சுவர். நாம் புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்த டிரை ரபிள் மேசன்ரியேதான்!

பந்தயத்துக்குக் கணக்கும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தது 50 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது 'ஏ' வகை. 25 மீட்டர் என்றால் 'பி', 20 மீட்டர் என்றால் 'சி'. 10 கிலோமீட்டருக்கு உட்பட்டது குட்டி ஓட்டம், 20-க்கு மேல் போனால் நெடு ஓட்டம். சிவில் நண்பர்களே, ஒரு கிலோமீட்டருக்கு 50 மீட்டர் என்றால் 20-க்கு 1 தானே, இது ஒரு பெரிய விஷயமா என்று நினைக்கிறீர்களா? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பாதித் தூரம் ஏற்றம், பாதித் தூரம் இறக்கம். ஆக ஏறுகிற பாதியில் கிரேடியன்ட் சராசரி 10-க்கு 1. அதுவும் சீராக இருக்காது. சில இடத்தில் மூக்கு புல்லில் இடிக்கும்!

என் முதல் பந்தயம் ஒரு ஜூலை மாதப் புதன்கிழமை சாயங்காலம். அங்கே அப்போது ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஸ்டூட்லி பைக் என்ற குன்றின் மேல் 37 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் தூண் நிற்கிறது. நெப்போலியன் தோற்ற சந்தோஷத்தில் எழுப்பியது. முதலில் கட்டியது 1854-ல் இடிந்து விழுந்துவிட்டது, 1856-ல் மறுபடி கட்டினார்கள். (வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்!) அந்தத் தூணைப் பார்த்துத்தான் ஓட்டம். மதுக்கடை வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதினார்கள். கட்டணம் சில பவுண்டுதான். நம்பர் அட்டையும் நாலு ஊக்கும் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

முதல் இருநூறு மீட்டர் ஓடினேன். அப்புறம் நடந்தேன். பக்கத்தில் பார்த்தால் எல்லாருமே நடக்கிறார்கள்! இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டு, குனிந்து, வேகவேகமாக நடக்கிறார்கள். செங்குத்தான இடத்தில் ஜெயிக்கிறவனும் நடப்பான் என்பது அன்றுதான் தெரிந்தது. இறக்கத்தில் பெரியவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "காலைப் பாக்காதே, லாட்! மூணு எட்டு முன்னாடி பாரு!" என்று கத்திவிட்டு ஆட்டுக்கிடா மாதிரி பாய்ந்து போனார். 68 வயது! நான் கடைசியிலிருந்து நாலாவது. ஆனால் கோட்டைத் தாண்டியபோது முதலாவது வந்தவனுக்குத் தட்டிய அதே கைகள் எனக்கும் தட்டின. டீ கொடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள். முழங்கால் வரை சேற்றோடு உட்கார்ந்து, பல மாதம் கழித்து மனசு விட்டுச் சிரித்தேன்.

இந்த ஓட்டத்தின் வீரர்களும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான். கெஸ்விக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரகாம் என்பவர் 1932-ல் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கினார். அந்தப் பாதையை இன்றும் அவர் பெயரால் சொல்கிறார்கள். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த ஜாஸ் நேய்லர், இளமையில் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் 1975-ல் அதே 24 மணி நேரத்துக்குள் 72 சிகரம் ஏறிக் காட்டினார். 2024-ல் தமது 88-ஆவது வயதில் காலமானார்.

இவ்வளவும் சுகமான கதை. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. புறப்படும்போது ஆட்களை எண்ணுவார்கள். வழியில் செக் பாயிண்டில் மழையிலும் காற்றிலும் நின்று நம்பரைக் குறிப்பார்கள். முடிவில் மறுபடி எண்ணுவார்கள். பாதியில் விலகினால் விலகலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் முடிவிடத்துக்கு வந்து, "நான் விலகிவிட்டேன்" என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் மலையில் விழுந்து கிடக்கிறாய் என்றுதான் கணக்கு. 2012-ல் லேக் டிஸ்ட்ரிக்டில் நடந்த ஒரு பந்தயத்தில் ஓடிய ஒருவர் மலையிலேயே இறந்துபோனார். அதன் பிறகு இந்த விதிகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

2017 அக்டோபர். கொஞ்சம் பெரிய ஓட்டம். அன்று பார்த்து நான் தனியாக பஸ் ஏறிப் போயிருந்தேன். இரண்டாவது செக் பாயிண்ட் தாண்டியதும் கணுக்கால் பிசகிவிட்டது. மூடுபனி வேறு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பையில் மேப், காம்பஸ், விசில் எல்லாம் இருந்தன. சர்வேயில் அரியர் வைத்தவன் அன்று கான்டூர் கோட்டைப் பார்த்தேன். கோடுகள் அகன்று அகன்று போகும் பக்கம் சரிவு குறைவு என்று புரிந்து, மலையின் மறுபக்கம் மெதுவாக இறங்கி ரோட்டைப் பிடித்தேன். ஒரே பெருமை! எதிரிலேயே பஸ் ஸ்டாப். பஸ்ஸும் வந்தது. ஏறிவிட்டேன்.

முடிவிடத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டுமே என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. 'நாம என்ன பெரிய ஆளா? கடைசியில வர்றவன்தானே, நம்மள யாரு தேடப் போறா' என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ரூமுக்கு வந்து, சுடுதண்ணீரில் குளித்து, ரசம் வைத்துச் சாப்பிட்டுத் தூங்கிப்போனேன். செல்போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பந்தய ஃபாரத்தில் எழுதியிருந்ததோ பழைய வீட்டு முகவரி.

ராத்திரி ஏழு மணிக்குக் கதவை உடைப்பதுபோல் தட்டினார்கள். திறந்தால், என்னைக் கிளப்புக்கு அழைத்துப் போன அதே நண்பர். தலை முதல் கால் வரை நனைந்து, உதடு நீலம் பாரித்து நிற்கிறார். என்னைத் திட்டவில்லை. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "இருக்கான். வீட்டுல இருக்கான். எல்லாரையும் கீழே இறங்கச் சொல்லுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

பதினாலு பேர் மத்தியானத்திலிருந்து அந்த மூடுபனியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். மலை மீட்புக் குழுவும் வந்திருக்கிறது. அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தவர்கள். எங்கள் பெரியவர் நான் கடைசியாகக் கடந்த செக் பாயிண்டை விட்டு நகரவே மாட்டேன் என்று சொல்லி, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாராம்.

செவ்வாய்க்கிழமை நொண்டிக்கொண்டே போனேன். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் மட்டும் அன்று சிரிக்கவில்லை. "நீ முதல்ல வா, கடைசியில வா, வராமலே போ. எங்களுக்கு அது பெரிசில்லே, லாட். ஆனா நீ எங்க கணக்குல இருக்கே. கணக்கு சரியாகாம நாங்க யாரும் வீட்டுக்குப் போக முடியாது" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கணுக்கால் வலியால் அல்ல. எங்கள் செட்டில் இருந்த ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். பெயர் வேண்டாம், ரோல் நம்பர் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். டம்பி லெவலை எப்படி நிறுத்துவது, ரீடிங் எப்படி எடுப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். இரண்டாம் வருடம், 2006-ல், அவன் அப்பா படுத்த படுக்கையானார். அவன் வரவில்லை. "செவன்டீன்?" என்று சார் கூப்பிடுவார். "ஆப்சென்ட் சார்" என்று நாங்கள் கோரஸ் பாடுவோம். கொஞ்ச நாளில் சார் கூப்பிடுவதையும் விட்டார். மூன்றாம் வருடம் புது ரெஜிஸ்டரில் அந்த நம்பரே இல்லை. அவன் ஊர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். நாங்கள் ஒருவர்கூடப் போய், "என்னடா ஆச்சு?" என்று கேட்கவில்லை.

முன்பின் தெரியாத எனக்காகப் பதினாலு பேர் மழையில் அலைந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை நாங்கள் எண்ணாமலே விட்டுவிட்டோம்!

நாலு பேரிடம் விசாரித்து நம்பர் வாங்கிப் பேசினேன். பதினோரு வருடம் கழித்து! சென்ட்ரிங் மேஸ்திரியாக இருக்கிறான். இன்றைக்கும் லெவல் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். சர்டிபிகேட் மட்டும் இல்லை. ரொம்ப நேரம் பழசெல்லாம் பேசினோம். வைக்கும்போது சொன்னான்: "அன்னிக்கு உங்கள்ல ஒருத்தன் வந்து கேட்டிருந்தா, திரும்பி வந்திருப்பேனோ என்னமோடா." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

தம்பிமார்களே, தங்கைகளே! இண்டஸ்ட்ரியல் விசிட் போனால் பஸ் கிளம்புமுன் தலையை எண்ணுகிறோம். ஒருத்தர் குறைந்தாலும் டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. மூன்று வருடம் போகிற இந்தப் பெரிய பயணத்தில் ஏன் எண்ண மறந்துவிடுகிறோம்? உங்கள் கிளாஸிலும் ஒரு 17 இருப்பான், இருப்பாள். ஃபீஸ் கட்ட முடியாமல், வீட்டுக் கஷ்டத்தால், அரியர் பயத்தால் மலையின் மறுபக்கம் சத்தமில்லாமல் இறங்கிப் போயிருக்கலாம். 'நம்மள யாரு தேடப் போறா' என்று என்னைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு எட்டு போய்க் கேளுங்கள். திரும்பி வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும், தான் கணக்கில் இருக்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரியட்டும்.

ரேங்க் ஹோல்டர்களுக்கு என் வாழ்த்துக்கள்! அரியர் நண்பர்களுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்துக்கள்! ஃபேர்வெல் அன்று குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது, கேமராக்காரர் 'ரெடி' சொல்வதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்துக் கேளுங்கள்:

"எல்லாரும் வந்தாச்சா?"

– உங்கள் சீனியர் ஒருவன்,
சிவில், 2005–2008