தந்தையின் வண்டியும் புதிய இயந்திரமும்

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை, சுங்கை புரோங்கிலிருந்து செக்கிஞ்சானுக்குச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் என் மோரிஸ் மைனர் மகிழுந்து நின்றுவிட்டது. நீலப் புகை வண்டியைச் சூழ்ந்துகொண்டது. இருபுறமும் அறுவடை முடிந்த நெல் வயல்கள். பின்னால் வந்த பாரவண்டிகள் ஒலி எழுப்பிவிட்டு விலகிச் சென்றன. மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய்க் கசிவும் வெப்பமும் முகத்தில் அறைந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி உழைத்த அந்த இயந்திரம், இனி என்னால் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்லியதைப் போலிருந்தது.

அது என் தந்தையாரின் வண்டி. இப்பகுதித் தோட்டமொன்றின் மருத்துவமனையில் அவர் டிரெசராகப் பணியாற்றினார். 1960ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அவ்வண்டியை 1968இல் பழைய வண்டியாகவே வாங்கினார். நள்ளிரவில் லயத்திலிருந்து யாராவது ஓடிவந்து கதவைத் தட்டினால், சட்டையை மாட்டிக்கொண்டே வண்டியை எடுப்பார். பேறுகால வேதனையில் துடித்த எத்தனையோ தாய்மார்களை அதன் பின்னிருக்கையில் படுக்கவைத்துத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்திருக்கிறார். அவர் திரும்பும்வரை அம்மா உறங்கமாட்டார். செம்மண் பாதையின் வளைவில் வண்டியின் ஒலி கேட்டதும் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். தந்தையார் மறைந்தது 2009இல். அதன்பின் வண்டி என் வீட்டு முன்கூடத்துக்கு வந்துசேர்ந்தது.

தஞ்சோங் காராங்கில் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மன் என் பழைய மாணவர். இயந்திரத்தைச் சோதித்துவிட்டு அவர் சொன்னார்: "சார், இதுக்கு ரெண்டு வழி இருக்கு. உள்ள இருக்கிறதையே பிரிச்சுப் புதுசு பண்ணலாம். இல்லேன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு அவான்சா எஞ்சினை வெச்சிடலாம். அப்புறம் உங்களுக்குக் கவலையே இல்லை."

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகனுக்கு இரண்டாம் வழியே பிடித்தது. "அப்பா, உருவம் தாத்தா வண்டியாகவே இருக்கும். ஓட்டம் மட்டும் புதியதாக இருக்கும், கோலாலம்பூர் வரைக்கும் அச்சமின்றிப் போய்வரலாம்" என்றான். அவன் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. என் வண்டியில் இருப்பது 948 கன சென்டிமீட்டர் இயந்திரம்; அதன் ஆற்றல் 37 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு அறுபது மைல் வேகத்தை எட்ட அதற்கு அரை நிமிடம் வேண்டும். முதல் தலைமுறை டொயோட்டா அவான்சாவின் இயந்திரமோ 1,298 கன சென்டிமீட்டர். அதன் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். மைனரைப் போலவே அதுவும் பின்சக்கரங்களை இயக்கும் வண்டியாதலால், இயந்திரத்தை நீளவாட்டில் பொருத்த இயலும். பொட்டோங் கடைகளில் எளிதில் கிடைக்கும்.

ஆசிரியனுக்கு எதையும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஃபோர்மனை அமரவைத்து ஒரு தாளில் இரண்டு பட்டியல்கள் எழுதினேன்.

இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, அவற்றை ஆளும் கணினிப் பெட்டி ஆகியவற்றுக்கு 4,800 வெள்ளி. "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். ஃபோர்மன் சிரித்தார். அங்கேதான் கதை தொடங்கியது. புதிய இயந்திரம் பழைய தாங்கிகளில் அமராது. அடித்தட்டைச் சிறிது வெட்டிப் பற்றவைக்க 2,500. புதிய பெட்டிக்கு ஏற்ப உந்துதண்டை மாற்ற வேண்டும், இருமடங்கு விசையைப் பழைய பின்னச்சு தாங்காதாகையால் அதுவும் மாற வேண்டும், இரண்டுக்கும் 2,200. நீர்க்குளிர்விப்பான், எரிபொருள் இறைப்பி, கலத்துக்கான குழாய்கள் ஆகியவற்றுக்கு 1,700. வேகம் கூடினால் நிறுத்தும் ஆற்றலும் கூட வேண்டும் அல்லவா? நான்கு சக்கரங்களிலும் உள்ளவை பழைய உருளைத் தடைகள். முன்சக்கரங்களுக்குத் தட்டுத் தடைகள் பொருத்த 2,600. புகைபோக்கிக்கு 700. மைனரின் மின்னிணைப்பில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இக்கால இயந்திரத்துக்கு எதிர்முனை பிணைக்கப்பட வேண்டும். ஆகவே கம்பிகள் அனைத்தையும் புதிதாக இழுக்க 1,500. இறுதியாக, பதிவுச் சான்றில் உள்ள இயந்திர எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் வாகனச் சோதனையும் தேவை. அலைச்சலுக்கும் கட்டணங்களுக்குமாக 1,000. கூட்டிப் பார்த்தேன்: 17,000 வெள்ளி.

பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பதற்கான பட்டியல் சிறியது. உருளைகளைக் கடைந்து புதிய பிஸ்டன்கள் இட 1,800. வளைதண்டைத் தேய்த்துத் தாங்குவளையங்கள் மாற்ற 1,400. தலைப்பகுதிக்கு 1,300. கார்புரேட்டர், கிளட்ச் தட்டு, அடைப்புகள் 1,200. கூலி 1,500. ஆக 7,200 வெள்ளி.

தலைப்பகுதியின் செய்தியை மாணவர்கள் அறிதல் நலம். அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வால்வுகள் வந்து அமரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பைத் தேயாமல் காத்தது. ஈயம் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் உலகம் அதைக் கைவிட்டது. நம் நாடும் கைவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் காப்பிழந்த பழைய இயந்திரங்கள் உள்ளுக்குள் தேயத் தொடங்கின. வால்வு அமரும் இடங்களில் கடினமான எஃகு வளையங்களைப் பதித்துவிட்டால் அந்நோய் தீரும். மருந்து இவ்வளவு எளியது.

உதிரிப் பொருள் கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். மோரிஸ் மைனர் 1948இல் பிறந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிரிட்டனில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் மகிழுந்து அதுவே. 1971இல் அதன் உற்பத்தி நின்றது. ஆனால், அதில் இருந்த 'ஏ' வரிசை இயந்திரம் மினி வண்டிகளில் 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்து செய்யப்பட்டது. இலங்கையின் தென்பகுதியில் மைனருக்கான உடல் தகடுகளைச் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்த காலமும் இருந்தது. பெற்ற நாட்டுக்கே பிள்ளையைப் பேணக் கற்றுக்கொடுத்த விந்தை அது!

இரண்டு பட்டியல்களுக்கும் இடையே 9,800 வெள்ளி வேறுபாடு. அந்தப் பணத்தைப் புதிய இயந்திரம் எரிபொருளில் மீட்டுத் தருமா? நான் ஆண்டுக்கு 2,400 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பழையது லிட்டருக்கு 12 கிலோமீட்டர். புதியது 15 என்று கொள்வோம். மிச்சமாவது 40 லிட்டர். லிட்டருக்கு 2 வெள்ளி என்றால் 80 வெள்ளி. ஆனால் 948 கன சென்டிமீட்டர் வண்டிக்குச் சாலை வரி 20 வெள்ளி. 1,298க்கு 70 வெள்ளி. அந்த 50 வெள்ளியைக் கழித்தால் ஆண்டு மிச்சம் 30 வெள்ளிதான். 9,800 வெள்ளியை மீட்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகும்! இதைக் கேட்டு என் மகனே சிரித்துவிட்டான்.

எனினும், வாழ்க்கை வெறும் கூட்டல் கழித்தல் அன்று. பணத்தை ஒதுக்கிவிட்டு மாற்றத்தின் தன்மையை எண்ணிப் பார்த்தேன். நான் மாற்றத்துக்கு எதிரி அல்லன். பழையதை விடுவதும் புதியதை ஏற்பதும் வழுவாகாது என்று நன்னூல் வகுத்துத் தந்ததை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிவருபவன் நான். முதலாம் ஆண்டில் நான் எழுதிப் பழகிய 'லை' வேறு. ஆசிரியனாகிக் கரும்பலகையில் எழுதிய 'லை' வேறு. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் நம் நாட்டுப் பாடநூல்களும் ஏற்றன. தும்பிக்கையை இழந்த அந்த எழுத்துகளைக் கண்டு வருந்திய முதியவர்களை நான் அறிவேன். ஆயினும், அந்த மாற்றம் சில எழுத்துகளின் வடிவத்தோடு நின்றது. ஒலியைத் தொடவில்லை, சொல்லை வெட்டச் சொல்லவில்லை, இலக்கணத்தை மாற்றக் கேட்கவில்லை.

இயந்திர மாற்றம் அப்படிப்பட்டதன்று. ஒன்றை மாற்றினால் அது அடுத்ததைக் கேட்கிறது. விசை அச்சைக் கேட்கிறது. வேகம் தடையைக் கேட்கிறது. கணினி கம்பியைக் கேட்கிறது. ஒருமுறை அடித்தட்டை வெட்டிவிட்டால், மனம் மாறினாலும் பழைய நிலைக்கு எளிதில் மீளமுடியாது. ஆகவே ஒரு மாற்றத்தை எடைபோடும்போது, அதன் விலை என்ன என்று கேட்டால் மட்டும் போதாது. அது எங்கே நிற்கும் என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் இத்தகைய மாற்றமே தவறா? இல்லை. இந்தியாவின் அம்பாசிடர் மகிழுந்தைப் பாருங்கள். அதுவும் மோரிஸ் குலத்தில் பிறந்ததுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் மறுபதிப்பு. 1990களின் தொடக்கத்தில் அதை உற்பத்தி செய்தவர்களே பழைய இயந்திரத்துக்கு மாற்றாக ஜப்பானிய இசுசு இயந்திரத்தையும் ஐந்து கதிப் பற்சக்கரப் பெட்டியையும் பொருத்தி விற்றார்கள். உருவம் மாறவில்லை. 2014இல் உற்பத்தி நிற்கும்வரை அம்மாற்றம் அவ்வண்டிக்கு வாழ்வளித்தது. நாள்தோறும் வாடகைக்கு ஓடிக் குடும்பங்களுக்குச் சோறுபோட்ட வண்டி அது. உழைக்க வேண்டிய வண்டிக்கு உழைக்கும் இயந்திரம் தேவை. என் மைனரும் நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட வேண்டியிருந்தால் நானும் தயங்காமல் மாற்றியிருப்பேன். பயனே முடிவைச் சொல்ல வேண்டும். பற்றும் சொல்லக்கூடாது, பகட்டும் சொல்லக்கூடாது.

என் வண்டியின் பயன் என்ன? வார இறுதியில் அம்மாவை அழைத்துக்கொண்டு கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வருவது. அம்மாவுக்கு வயது எண்பத்து நான்கு. கண்பார்வை மங்கிவிட்டது. வண்டியின் உருவம் இன்று அவருக்குப் புகைபோலத்தான் தெரிகிறது. அவர் அந்த வண்டியை அறிவது ஒலியால். "உருவம் தாத்தா வண்டியாகவே இருக்கும்" என்றான் மகன். உருவத்தை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றினால், கண்ணுள்ள எங்களுக்கு வண்டி மிஞ்சும். அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு இரண்டு பட்டியல்களிலும் விடையில்லை.

பழைய இயந்திரத்தையே புதுப்பிக்கச் சொன்னேன். மகனின் அச்சத்தையும் புறக்கணிக்கவில்லை. தடைகளை முழுமையாகச் செப்பனிட்டு, நான்கு இருக்கைகளுக்கும் பாதுகாப்புப் பட்டைகள் பொருத்தினோம். கோலாலம்பூருக்கு அவ்வண்டியில் போவதில்லை என்ற உறுதியையும் கொடுத்தேன். அது ஓர் இழப்புதான். தந்தையின் வண்டியில் பெருநகர் சென்றுவரும் ஆசையை நான் கைவிட வேண்டியதாயிற்று. எதையும் இழக்காமல் எதையும் காக்க முடியாது போலும்.

எட்டு வாரங்கள் கழித்து வண்டி வந்தது. வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துவந்தேன். தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டார்.

"என்னடா இது, உங்கப்பா வண்டி மாதிரி இல்லையே? ரொம்ப அடக்கமால்ல கத்துது!" என்றார்.

ஃபோர்மன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புதிய பிஸ்டன்கள் இறுக்கமாக இருக்கின்றன. ஓட ஓடத்தான் தளரும்.

"ஐந்நூறு மைல் ஓடட்டும் பாட்டி, பழைய குரல் வந்துடும்" என்றார் அவர்.

அம்மா தலையசைத்துவிட்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் ஓசை கேட்டது.